இர்மா பிட்சிலி இறக்கிய பாரம்

இர்மா பிட்சிலியின் பிக்கப் எண்பத்துநாலாம் வருடத்து வண்டி. பெட்ரோல் முள் செத்துப் பத்து வருடம் ஆகிறது. அதைச் சரிபண்ண அவள் மெனக்கெடவில்லை. மண்டைக்குள்ளேயே ஒரு முள் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று எதற்கு? வெறும் வண்டி என்றால் கேலனுக்குப் பதினாறு மைல். பின்னால் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் ஒன்பது. எதிர்காற்று அடித்தால் அதுவும் இல்லை. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் இருபத்திரண்டு வருடம் முந்நூறு பிள்ளைகளுக்கு மாவு அளந்த கை, அளவு தப்பாது.

வீட்டுப் பக்கத்துக் காற்றாலைக் கிணற்றில் விஷம் இருக்கிறது என்று பலகை மாட்டிப் பூட்டிவிட்டார்கள். கணவன் ரயில் பாதை வேலைக்குப் போனால் திரும்ப நாலு மாதம். முப்பத்தெட்டு செம்மறியும் பதினோரு வெள்ளாடும் இர்மா ஒருத்தியை நம்பித்தான் நாக்கை நனைக்கின்றன. செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் நிலையம் திறக்கும். வரிசையில் நின்று இருநூறு கேலன் பிடித்து வருவாள். கேலனுக்கு எட்டு பவுண்டு என்று வைத்தால் ஆயிரத்து அறுநூறு பவுண்டு. அந்தக் கிழட்டு வண்டி அதைச் சுமப்பதே பெரிய காரியம்.

அதனால் வேறு கனம் எதுவும் அவளுக்கு ஆகாது. பின்கதவைக் கழற்றினாள். கருவிப்பெட்டியை இறக்கினாள். கடைசியில் மாற்றுச் சக்கரத்தையும் வீட்டில் போட்டுவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள்ல பல்லையும் கழட்டி வீட்ல வெச்சிட்டு வருவா" என்று வரிசையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்தவர்களில் பாதிப் பேர் வெறும் கேனோடு நடுரோட்டில் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள்.

அது ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை. மூன்று மணி நேரம் காத்திருந்து பதினொன்றரைக்குத் தொட்டியை நிரப்பினாள். வீட்டுப் பீப்பாய்கள் முந்தின நாளே வற்றிவிட்டன. வண்டியில் இரண்டு கேலன் பெட்ரோல். வீடு பதினாலு மைல். வீட்டுக் கொட்டகையில் ஐந்து கேலன் கேன் ஒன்று இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தார் ரோட்டு முக்கில் அத்தை மகன் டெல்பர்ட் நிற்பதைப் பார்க்கும்வரை.

ஆள் முந்நூறு பவுண்டு. ரோட்டோரம் நிற்கிற சொந்தத்தைப் பார்த்தும் பாராமல் போகிறவள் அந்தப் பக்கத்தில் பிறந்ததில்லை. நிறுத்தினாள்.

"என்ன மாமன் மகளே, எஞ்சின மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்க? அதையும் கழட்டிட்டா பெட்ரோலே வேண்டாமே!"

"உன்ன ஏத்தினா அது தானா கழண்டு விழுந்துரும். எங்க கெளம்பிட்ட?"

டெல்பர்ட் உதட்டைக் குவித்து வடக்கே காட்டினான். "கயென்டா ஆஸ்பத்திரிக்கு. இன்னிக்கு டயாலிசிஸ். ஒரு மணிக்கு என் நாற்காலி. அவங்க வேன் வரல. நீ போ, யாராச்சும் வருவாங்க."

இர்மா அவன் கால்களைப் பார்த்தாள். பூட்ஸின் நாடா அவிழ்ந்து கிடந்தது. வீங்கிய கால் அதற்குள் அடங்கவில்லை. இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்கினான்.

"சனிக்கிழமை போனியா?"

அவன் மலையைப் பார்த்தான். "அன்னிக்கும் வேன் ரிப்பேர்."

"அப்போ வியாழக்கிழமைக்கு அப்புறம் மெஷின்ல உக்காரவே இல்ல?"

அடுத்தடுத்து இரண்டு முறை தவறவிட்ட ஒருவரை அவள் அறிவாள். போய்ச் சேர்ந்தவரின் பெயரை அந்த நேரத்தில் மனதுக்குள்கூடச் சொல்லவில்லை.

கயென்டா இருபத்தொன்பது மைல், நடுவில் ஒரு பெரிய மேடு. வழியில் பெட்ரோல் கிடையாது. இந்தப் பாரத்தோடு போனால் மூன்று கேலனுக்கு மேல் குடிக்கும். வீட்டுக்குப் போய்க் கேனை எடுத்து வரலாமென்றால் மண்ரோட்டிலேயே ஒரு மணி தாண்டிவிடும். கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. பத்து நிமிடம் காத்திருந்தார்கள். சுற்றுலாக்காரர்களின் வண்டி ஒன்று வந்தது. கையை ஆட்டிவிட்டுப் போனது.

இர்மா இறங்கித் தொட்டியின் குழாயில் கைவைத்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"பேசாம ஏறி உக்காரு."

"வேண்டாம் இர்மா! வெள்ளி வரைக்கும் ஆடுங்களுக்கு என்ன பண்ணுவ? குட்டிங்க வேற..."

"அதுங்க உன்ன மாதிரி வாயாடாது. ஏறுன்னா ஏறு!"

நின்று வடிக்க நேரமில்லை. குழாயைத் திறந்துவிட்டே வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தால், ரோட்டில் அவள் தண்ணீர் வெயிலில் பளபளத்துக்கொண்டே பின்தங்கிப் போனது. மூன்று மணி நேர வரிசை. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது, வேனின் மேல், அவன் மேல், கிணற்றைப் பூட்டியவர்கள் மேல். நாலு மைலில் நிறுத்தி, ஐம்பது கேலன் கோட்டில் குழாயை மூடினாள். குட்டிகளுக்காவது ஆகும் என்று ஒரு நப்பாசை.

மேடு விடவில்லை. பாதி ஏற்றத்தில் எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமி, நின்றுவிட்டது. மிதிகட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைபிரேக்கை இழுத்தாள். வண்டி ஓர் அடி பின்னால் வழுக்கி நின்றது.

டெல்பர்ட் கதவைத் திறந்தான். "நான் எறங்கறேன். இங்க பெரிய பாரம் நான்தான். உச்சி வரைக்கும் நடந்து வந்துடறேன்."

அந்தக் கால்களோடு! எட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். "எறங்கின, நானே கொன்னுடுவேன்."

சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, ஐம்பது கேலனையும் திறந்துவிட்டாள். குட்டிகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. அழுதாள். அழுகிற முகத்தை அவன் பார்க்காதபடி தொட்டிக்குப் பின்னாலேயே நின்றாள். கடைசிச் சொட்டு வடிந்ததும் கல்லை எடுத்துவிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினாள். பிடிக்கவில்லை. மறுபடியும் இல்லை. மூன்றாவது முறை பிடித்தது. லேசான வண்டி துள்ளி ஏறியது.

உச்சி தாண்டியதும் கியரை நடுவில் தள்ளி எஞ்சினை அணைத்தாள். ஏழு மைல் இறக்கம். ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருந்தது. தொட்டி நிறைந்திருந்தால் இந்த வேலையை நினைத்தே பார்த்திருக்கமாட்டாள். முதல் வளைவிலேயே பள்ளத்தில் கிடக்கவேண்டியதுதான். காற்றின் ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. டெல்பர்ட்டின் வாயும் ஓய்ந்திருந்தது. வளைவுகளைவிட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"ஏதாவது பேசேன். என்னத் திட்டு."

"மூச்ச... மிச்சம் பண்றேன்" என்றான் கண்ணைத் திறக்காமல். "உன் பெட்ரோல் மாதிரி."

ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தார்கள். வாசலிலேயே அவனை எடைமேடையில் ஏற்றிய செவிலி முகம் சுளித்தாள். இருபத்தொரு பவுண்டு கூடுதல். அத்தனையும் உடம்பில் தேங்கிய தண்ணீர், நெஞ்சுவரை ஏறியிருக்கிறது என்று சொல்லி உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

இர்மா பெட்ரோல் போட்டாள். டெல்பர்ட்டின் தங்கைக்குப் போன் செய்தாள். அவளிடம் இரண்டு பீப்பாய் தண்ணீர் இருந்தது. சாயங்காலத்துக்குள் கொண்டுபோய் ஊற்றுவதாகச் சொன்னாள். குட்டிகளுக்குப் போதும். தாய்களுக்குப் போதாது. இரண்டு நாளில் மடி வற்றும்.

நாலு மணி நேரம் கழித்து டெல்பர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது, மூச்சு சீராக இருந்தது.

"எவ்ளோ எறக்கினாங்க?"

"பத்து பவுண்டு."

"நான் ஆயிரத்து அறுநூறு எறக்கினேன்."

"அதான பாத்தேன், எதுலயும் நீதான் ஜெயிக்கணும்." சிரித்தவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். "மொத்தத்தையும் ஒரே நாள்ல எறக்கினா நெஞ்சு தாங்காதாம். நாளைக்கும் வரச் சொல்றாங்க. நீ வர வேண்டாம் இர்மா. நான் வேனுக்குச் சொல்லிக்கறேன்."

அந்த ஆள்மேல் அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது. அவன் உயிரோடு நின்று பேசுகிறானே என்ற சந்தோஷமும் அதே அளவு வந்தது. பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"வேன் கெடக்குது. காலைல பத்து மணிக்கு முக்குல நில்லு. பத்து பவுண்டு கொறஞ்சவன ஏத்தறதுல எனக்கு என்ன கஷ்டம்?"