கடைசி இரண்டு சீட்டு

காலையில் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், சாயங்காலத்துக்குள் பதில் சொல்கிறோம் என்றார்கள். மயிலாப்பூரில் எங்கள் தெருவைத் தோண்டிப்போட்டதில் வீட்டு ஃபோன் செத்து ஒரு வாரமாகியிருந்தது. அதனால் அக்காவோடு கோட்டூர்புரத்திலிருந்து வந்திருந்த அத்திம்பேர், தன் புது மொபைல் ஃபோன் நம்பரை அவர்களுக்குக் கொடுத்து, கிளம்பும்போது ஃபோனையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். பெற்ற பிள்ளையை விட்டுப் போகிறவர் மாதிரி வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இது ஐந்தாவது வரன். முதல் நாலு பேர் வேண்டாம் என்றபோது செய்த பஜ்ஜி வீணாயிற்றே என்றுதான் வருத்தப்பட்டேன். இவர் வேறு. அவருடைய அம்மா என்னைப் பாடச் சொன்னபோது, "ஜலதோஷம் போலிருக்கும்மா, விட்டுடு" என்றார். மூன்று நாளாக நான் தும்மிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவ்வளவுதான், எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. நாலரை ஆனதும் அம்மா, "இனிமே ஆறு மணிக்கு மேலதான் வரும். ராகு காலத்துல யாராவது சம்மதம் சொல்லுவாளா?" என்று பூஜை அறைக்குள் போய்விட்டாள். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் எப்படித் தள்ளுவது? ஃபோனில் ஒரு விளையாட்டு இருந்தது. கவிழ்த்துவைத்த சீட்டுகளை இரண்டிரண்டாகத் திருப்பி, ஒரே படமாக ஜோடி சேர்க்க வேண்டும். மொத்தமே ஐந்து கட்டம், தப்பு அதிகமானால் அந்தக் கட்டம் முதலிலிருந்து. ஆறு மணிக்குள் முடித்தால் சம்மதம் என்று பந்தயமெல்லாம் கட்டிக்கொள்ளவில்லை. சரி, கட்டிக்கொண்டேன்.

நாலாவது கட்டத்தில் இரண்டு தடவை தோற்றேன். இப்போதுதான் பார்த்த குடை எந்த மூலையில் இருந்தது என்பது மறந்துபோகும். உள்ளங்கை வேர்த்து ஃபோன் வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது ஐந்தரை. ஐந்து ஐம்பதுக்கு நாலே சீட்டு பாக்கி. ஒன்றைத் திருப்பினேன், குடை. அதன் ஜோடியும் கிடைத்தது. இன்னும் இரண்டு.

அப்போது ஃபோன் அடித்தது.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல சேதி என்றால் பத்து நிமிஷம் பொறுத்திருப்பார்கள். எடுப்பதற்கு முன்னாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"எடுக்காதே! ஆறு அடிக்கட்டும்!" என்று உள்ளேயிருந்து கத்திய அம்மா, காதில் எதுவும் விழக்கூடாது என்றோ என்னவோ, மணியை ஆட்டிக்கொண்டு ஸ்லோகத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். அத்திம்பேராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எடுத்தேன். பிள்ளையுடைய அம்மாதான்.

"ஜாதகத்தை மறுபடி பார்த்தோம். சரியா வரலை. தப்பா நினைச்சுக்காதேம்மா."

"பரவாயில்லை மாமி" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

அப்பாவைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினேன். அவர் பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேண்டாம் என்பதையும் ஆறு மணிக்குச் சொல்லித் தொலைத்திருக்கலாமே! பத்து நிமிஷம் என்னை அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது. ஃபோனில் அந்த இரண்டு சீட்டும் கவிழ்ந்தபடியே இருந்தன. கடைசி இரண்டுக்கு ஞாபகசக்தி எதுவும் வேண்டாம். திருப்பினேன். இரண்டும் படகு.

விளையாட்டு முடிந்ததற்கு ஃபோன் ஒரு குதூகலமான பாட்டை வாசித்தது. மணிச்சத்தம் நின்றது. அம்மா கையில் குங்குமத்தோடு ஓடிவந்தாள்.

"பாத்தியா, ஆறு அடிச்சவுடனே அடிக்கறா! முன்னாடி வந்தது வேற யாரோ. எடேண்டி!"

"அம்மா, இது விளையாட்டோட சத்தம்மா. அவா அப்பவே..."

அவள் கேட்கவில்லை. என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கோ மாமி" என்றாள்.