திருடன் போலீஸ் கணக்கு

அக்கா நடக்கும்போது பேச மாட்டார், எண்ணுவார். பயிற்சி மையத்தின் நீண்ட மாடித் தாழ்வாரத்தில் உதடு மட்டும் அசைய வருவார். வகுப்பு வாசலை எட்டியதும் உள்ளங்கையில் பேனாவால் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "சாப்டியா?" என்பார்.

காலையில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. "வர்றவங்க எல்லாம் என்னைப் பாத்துதான் முதல்ல பயப்படுறாங்க. நான் எங்கடி பல்லைப் புடுங்கறேன்?" மதியம் எங்களோடு அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பு. வகுப்பிலேயே மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அக்கா. வயது வரம்பு தாண்டப்போகிறது; அவருக்கு இது கடைசித் தேர்வு. போன முறை ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று.

எந்த மதிப்பெண் என்பது வகுப்புக்கே தெரியும். எதிரெதிரே வரும் ரயில்களையும் ஆற்றை எதிர்த்துப் போகும் படகையும் மனக்கணக்காகவே முடித்துவிடுவார். திருடனைப் போலீஸ் துரத்தும் கணக்கு வந்தால் மட்டும், கடைசியில் இருக்கும் 'இவற்றில் எதுவுமில்லை' வட்டத்தைக் கருப்பாக்குவார். ஒவ்வொரு முறையும்.

கணக்கு வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். "ஏம்மா, இடைவெளி நூத்திருவது மீட்டர். திருடன் செகண்டுக்கு அஞ்சு மீட்டர், போலீஸ் ஏழு. திருடனை நிறுத்திடு. போலீஸை ரெண்டு மீட்டர் வேகத்துல வரச் சொல்லு. அறுபது செகண்ட்ல புடிச்சிடுவான். இதுல என்ன எதுவுமில்லை?"

"அவன் எதுக்கு சார் நிக்கணும்? பின்னால சத்தம் கேட்டா வேகமா ஓட மாட்டானா? மரமா அவன்?"

வகுப்பு சிரிக்கும். அக்கா சிரிக்க மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் உள்ளங்கையில் முப்பத்தாறு என்று இருந்தது. முந்தின நாள் நாற்பது.

"என்னக்கா இது?"

"எனக்குப் பின்னால எத்தனை டைல்ஸ் தள்ளி வருதுன்னு."

"எது?"

"சத்தத்தை வெச்சுத்தான் சொல்றேன். தினம் நாலு குறையுது. அவசரமே இல்ல. ரொம்ப ஒழுங்கா வருது."

"திரும்பிப் பாத்தீங்களா?"

"திரும்பினா என் வேகம் குறையுமேடி."

மாலையில் ஸ்கூட்டரில் அழைத்துப்போக வரும் அவர் கணவரிடம் சொன்னேன். "இவ பின்னால வந்து யாருக்கு என்ன கிடைக்கப் போகுது? கட்டின பாவத்துக்கு நான் வர்றேன்" என்றார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தார். "பேச்சைக் குறைச்சு வண்டியை எடுங்க. நிக்காதீங்க."

முப்பத்தாறை நாலால் வகுக்க எனக்குத் தாள் வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஞாயிறு. அன்றுதான் தேர்வு.

தேர்வுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், தாழ்வாரத்தில் அவர் கூடவே நடந்தேன். வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் வரிசையாகப் போட்டிருந்தது. எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. வாசலில் இருவரும் நின்றோம். நின்ற பிறகு ஓர் அடி கேட்டது. எதிரொலி என்று வைத்துக்கொண்டேன். அக்கா உள்ளங்கையில் நாலு என்று எழுதினார்.

"நாளைக்குப் பரிச்சைக்கு வராம இருந்துடலாமான்னு பாத்தேன்" என்றார். "வீட்டுல உக்காந்தா நின்னுட்ட திருடன் கணக்குதான். அங்கயும் வரும்."

ஞாயிறு காலை நேரத்துக்கு வந்துவிட்டார். உள்ளங்கையைத் தேய்த்துக் கழுவியிருந்தார். தேர்வறையில் இருவர் உட்காரும் பெஞ்சுக்கு ஒருவராக எங்களை உட்கார வைத்தார்கள். நடைவழிக்கு அந்தப் பக்கம் அவர். வரிசையில் கடைசி பெஞ்சு, பின்னால் சுவர்.

அறுபத்து மூன்றாவது கேள்வி, திருடன் போலீஸ். நான் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அக்கா பேனாவைக் கீழே வைத்திருந்தார். தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் இருந்தார். திரும்பவில்லை. பிறகு பேனாவை எடுத்து, கடைசி வட்டத்தைத் தொடாமல், இரண்டாவது வட்டத்தை நிதானமாகக் கருப்பாக்கினார். என் விடையும் அதுதான்.

அப்புறம் புடவையை ஒதுக்கிக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.