கிளடிஸின் இரண்டாவது நாவல்

டொராண்டோவில் தமிழில் நாவல் எழுதத் துணிந்த முதல் சிலரில் கிளடிஸும் ஒருத்தி. விமானச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் பகல் முழுக்க நின்றுவிட்டு, 1989இல் முதல் நாவலை முடித்தாள். பாராட்டியவர்கள் பலர், வாசித்தவர்கள் சிலர்.

இரண்டாவதற்குப் பதினொரு வருடம் பிடித்தது. ஸ்காபரோவில் கலியாணம் பேசும்போது குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறார்களே, அந்தச் சாதியைப் பற்றிய கதை. கோயிலையும் விடவில்லை, தான் ஞாயிறுதோறும் முழந்தாளிட்ட தேவாலயத்தையும் விடவில்லை. கடைசி அத்தியாயத்திலேயே கை நடுங்கத் தொடங்கிவிட்டது. இப்போது எழுபத்திரண்டு வயது. கையெழுத்து வைப்பதே பெரும்பாடு.

புத்தகம் என்றால் நம்மவர்களுக்குப் பெரியவர் ஒருவரின் அணிந்துரை வேண்டும். ஒரு பெண் யோசித்ததற்கு ஓர் ஆண் ஏன் அத்தாட்சி கொடுக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. கிளடிஸும் கேட்கவில்லை. போட்டோக் கொப்பி கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று, இருந்த ஒரே கையெழுத்துப் பிரதியைச் தமிழ் எழுத்தாளர் சங்கத் தலைவர் நவரட்ணத்திடம் கொடுத்தாள். ஏழு மாதம் கழித்து ஓகஸ்டில் அவர் கூப்பிட்டார். இரண்டு பஸ் மாறி ரூஜில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனாள்.

"வாங்கோ பிள்ளை, அணிந்துரை ரெடி," என்று இரண்டு தாள்களை நீட்டினார்.

"என்ர கதை, அண்ணை?"

"அதுதான்... மார்ச்சில பேஸ்மென்ற் திருத்தேக்க, மருமகள் ஸ்டெபனி பழைய பேப்பர் எண்டு குப்பைக்காரர் எடுக்கிற ப்ளூ பின்னுக்குள்ள போட்டிட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உங்களிட்டை இன்னொண்டு இருக்கும்தானே?"

பழியும் ஒரு பெண்ணின் தலையில்தான்.

கிளடிஸ் தாளைப் பார்த்தாள். 'குடும்பப் பெண்கள் பூசையறையில் வைத்துப் போற்றத்தக்க பண்பாட்டுப் பெட்டகம்' என்றிருந்தது.

"அண்ணை, கதையில கடைசியா ஆர் சாகிறது?"

நவரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உதெல்லாம் இப்ப என்னத்துக்கு? தேத்தண்ணி குடியுங்கோ."

"ஒரு பக்கமாவது புரட்டினீங்களோ?"

"ஒரு பக்கத்தைப் பார்த்தாலே சாரம் விளங்கும், பிள்ளை. நாப்பது வருசமா எழுதிறன்."

அவள் தாள்களை அவர் மடியில் வைத்தாள். "அணிந்துரை நல்லாயிருக்கு அண்ணை. இதுக்கேற்ற நாவல் ஒண்டை ஆரையாவது பிடிச்சு எழுதுவியுங்கோ."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் அத்தியாயத்தை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரியில், மணப்பெண்ணின் தாய் என்ன கேட்டாள்? திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். டோர்செட் பார்க்கில் இறங்கவேண்டிய தரிப்பும் தாண்டிப் போனது. இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.