நாலாம் ரூட் அட்மின்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "டோரதியா? அந்த வாட்ஸப் கேஸ் பொம்பளையா?" என்று யாராவது என் காதுபடக் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கேட்டவர் பெரிய மனுஷரானாலும் சரி, நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லாமல் விடமாட்டேன். இப்போது இவ்வளவு பேசுகிறவளே, பேச வேண்டிய நேரத்தில் உன் வாய் எங்கே போயிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்.

என் பெயர் சௌந்தரம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக செக்கிங்கில் இருக்கிறேன். டோரதி அதே கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தாள். பேரணாம்பட்டுக்காரி. பதினெட்டு வயதில் பசை தடவுகிற ஹெல்ப்பராக வந்து, மூன்றே வருஷத்தில் மெஷினில் உட்கார்ந்து, முப்பத்தைந்தாவது வயதில் நாற்பது பெண்களுக்கு மேலே நின்றாள். நின்றாளே தவிர ஒருத்தியையும் 'ஏய்' என்று கூப்பிட்டதில்லை. தையல் கோணிப் போனால் பக்கத்தில் வந்து, "இத கொஞ்சம் பிரிச்சுடலாமா?" என்பாள். எனக்கெல்லாம் அந்தப் பொறுமை கிடையாது. கோணல் தையலைப் பார்த்தால் தூக்கி எறிந்துவிட்டு, தைத்தவளையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் அடுத்த ஜோடியை எடுப்பேன்.

எங்களைக் கூட்டிவரும் கம்பெனி பஸ்ஸுக்கு ரூட் நாலு என்று பெயர். ஒரு மழைக்காலத்தில் பஸ் வழியில் நின்றுபோனது. தமிழினி என்கிற சின்னப் பெண் சேதி தெரியாமல் ரோட்டோரம் தனியாக ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். குடிகாரன் ஒருவன் பக்கத்தில் வந்து வந்து பேச, பெண் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவிட்டாள். மறுநாளே டோரதி எங்கள் எல்லாருடைய நம்பரையும் வாங்கி ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கினாள். முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவள் அவள், அதனால் அவளே அட்மின். 'பாலம் தாண்டியாச்சு.' 'இன்னும் ரெண்டு நிமிஷம், யாரும் ஓடி வராதீங்க.' இதுதான் அவள் அதில் எழுதியதெல்லாம். அட்மின் என்பது ஒரு பதவி, அதற்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நாற்காலி காத்திருக்கும் என்று எங்களில் எவளுக்குத் தெரியும்?

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது. கேட்டில் ஒவ்வொருத்தியும் தன் போனைக் கொடுத்து, பெயரெழுதி, டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அறுபது பேர் வரிசையில் நின்றால் பஞ்ச் அடிக்க நேரமாகி, அரை நாள் லீவாகிவிடும். அதனால் நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். பஸ்ஸிலேயே எல்லா போனையும் ஒரு வயர் கூடையில் போட்டுவிடுவோம். தினம் ஒருத்தி அந்தக் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரே டோக்கன் வாங்குவாள். செக்யூரிட்டி ஜான் பாஷா பாய், 'ரூட் 4, கூடை 1' என்று நோட்டில் எழுதிவிடுவார். அவருக்கும் வேலை கம்மி, எங்களுக்கும் நிம்மதி.

சூப்பர்வைசர்கள் மட்டும் போனை உள்ளே கொண்டுபோகலாம். டோரதி கொண்டுபோக மாட்டாள். சிவப்பு உறை போட்ட அவள் போனும் கூடைக்குள்தான் கிடக்கும். "இன்னாடி, உனக்குத்தான் பர்மிசன் இருக்கே?" என்று ஒருநாள் கேட்டேன். "மத்தவங்க புள்ளைக்கு ஜுரம்னா கூட சாயந்தரம் வரைக்கும் அவுங்களால பாக்க முடியல. நான் மட்டும் கையில வெச்சிக்கினு சுத்தினா நல்லாவாக்கா இருக்கும்?" என்றாள். நல்லதுக்குக் காலமில்லை என்பார்களே, அதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அன்று பூங்குழலி லீவு. எங்கள் ரூட்டில்தான் வருவாள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆளைப் பார்த்திருக்கிறாள். தோளில் ஒரு பெண் குழந்தை. அது வீறிட்டு அழுகிறது. கேட்டவர்களுக்கு அவன் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறான். இவள் போட்டோ எடுத்து, காலை ஒன்பதே காலுக்கு எங்கள் குரூப்பில் போட்டாள். 'புள்ள புடிக்கிறவன் மாதிரி இருக்கான். எல்லாரும் உஷாரா இருங்க. ஷேர் பண்ணுங்க.' அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் புத்தியோடும் செய்யவில்லை. அறுபது போன் கேட்டில் கூடைக்குள் கிடந்தாலென்ன, லீவில் இருந்த இரண்டு மூன்று பேர் போதாதா? அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது.

அந்த ஆள் ஆந்திரப் பக்கத்துக் கொத்தனார். ஜுரத்தில் துவண்டுபோன தன் சொந்த மகளை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பஸ்ஸுக்கு நின்றவர். தமிழ் வராது. பதினோரு மணிக்குள் கூட்டம் சேர்ந்து அடித்த அடியில் அவருடைய வலது கை மூன்று இடத்தில் முறிந்தது. அந்தக் கை இன்றுவரை தோளுக்கு மேலே எழும்பவில்லையாம். கொத்தனாருக்குக் கை போனால் பிறகு என்ன இருக்கிறது?

சாயந்தரம் ஐந்தே முக்காலுக்குக் கூடை எங்கள் கைக்கு வந்தது. பஸ்ஸில் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். டோரதிக்கு முகம் மாறிவிட்டது. "யார் இன்னான்னு தெரியாம இப்படிப் போடலாமா?" என்றவள், அட்மின் என்பதால் அப்போதே அந்தச் செய்தியை அழித்துவிட்டு, 'யாரும் இத நம்பாதீங்க, அனுப்பாதீங்க' என்று எழுதினாள். பஸ் இறங்கின பிறகுதான் அடிதடி நடந்த விஷயமே எங்களுக்குத் தெரியும். அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் குழந்த எங்கக்கா இருக்குது இப்போ?"

மறுநாள் காலை பஸ்ஸில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. போலீஸ் குரூப்பை விசாரிக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். டோரதி முன் சீட்டில் உட்கார்ந்திருக்க, பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டு குரூப்பிலிருந்து வெளியேறினார்கள். யார் வெளியேறினார்கள் என்று அவள் போனில் பெயர் பெயராக வந்துகொண்டே இருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'பாலம் தாண்டியாச்சு' என்று அன்றும் எழுதினாள். அதைப் படிக்க அதற்குள் பாதிப் பேர் இல்லை.

மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அவள் போனை வாங்கிக்கொண்டார்கள். பூங்குழலி முதல் குற்றவாளி, டோரதி இரண்டாவது. அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "காலைல ஒம்பதே காலுக்கு வந்த மெசேஜ சாயந்தரம் வரைக்கும் ஏம்மா விட்டு வெச்ச? நீ சூப்பர்வைசர், போன் உன் கையிலதான இருக்கும்? பாத்துட்டு சும்மா இருந்துட்ட. ஆள் அடிபட்டுட்டான்னதும் அழிச்சுட்ட. அதான?" நல்லது என்று நினைத்து அழித்தது, சாட்சியத்தை அழித்ததாக ஆயிற்று. யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று அனுப்பினவள் போனில் இருந்திருக்கும். அந்தப் பூங்குழலியோ பயத்தில் போனைக் கிணற்றில் போட்டுவிட்டாள்.

போன் கேட்டில் கூடைக்குள் இருந்தது என்று டோரதி சொன்னாள். நோட்டைப் பார்த்தார்கள். 'ரூட் 4, கூடை 1.' அதில் டோரதி பெயர் எங்கே இருக்கிறது?

அன்று கூடையைக் கொண்டுபோனவள் நான்.

சிவப்பு உறை போட்ட போன் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. கீழே விழுந்துவிடப் போகிறதே என்று என் கையால் உள்ளே தள்ளி, ஜான் பாஷா பாயிடம் கொடுத்தேன். இதை நான் ஸ்டேஷனில் சொன்னால் போதும். எத்தனை வார்த்தை? இருபது வார்த்தை இருக்குமா?

அந்த வாரமே கம்பெனி ஆபீசில் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். கூடையில் போன் கொடுப்பது ரூல்ஸுக்கு விரோதம். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிற நேரம். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. இருக்கிறது என்று எவளாவது வெளியே சொன்னால் அவளுக்கு அன்றோடு வேலை இல்லை. ஜான் பாஷா பாயை அடுத்த நாளே வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் ராமமூர்த்திக்கு அப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். என் ஈ.எஸ்.ஐ. கார்டில்தான் நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் கார்டு போகும். கார்டு போனால் அவர் போவார். நான் கணக்குப் போட்டது அவ்வளவுதான். டோரதியே என் பெயரைச் சொல்வாள், போலீஸ் வந்து கேட்கும், கேட்டால் மறைக்க முடியாது, சொல்லிவிடுவோம் என்று காத்திருந்தேன். போலீஸ் வரவே இல்லை. ஒரு மாதம் கழித்து அவளுடைய வக்கீல் மதியழகன்தான் கம்பெனி கேட்டுக்கு வந்தார். ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், என்னிடமும் கேட்டார்.

"அன்னைக்குக் கூடைய யாரும்மா குடுத்தது?"

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

தூ! இந்த வாயா அப்படிச் சொன்னது?

கம்பெனி, கேஸ் முடியும்வரை வர வேண்டாம் என்று டோரதிக்குக் கடிதம் கொடுத்தது. அவள் இடத்தில் வேறொருத்தி வந்தாள். டோரதி வீட்டிலேயே உட்கார்ந்து கம்பெனிகள் வெளியே கொடுக்கிற கைத்தையல் வேலை செய்தாள். பதினேழு வருஷம் உழைத்து ஏறின இடத்திலிருந்து, ஹெல்ப்பர் வேலைக்கும் கீழே. வேதக் கோவிலில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்பவள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள் என்று, அதே கோவிலுக்குப் போகிற எங்கள் ரூட் மெர்சி சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு மனுஷனை அடிக்க ஆள் சேர்த்தவள் என்றே பேசினார்கள். நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

போன ஐப்பசியில் ராமமூர்த்தி போய்ச் சேர்ந்தார். கார்டு இருந்தது, வேலை இருந்தது, மனுஷன் இல்லை. காரியம் முடிந்த நாலாம் நாள் வேலூருக்கு பஸ் ஏறி, வக்கீல் மதியழகன் ஆபீசுக்குப் போய் நின்றேன். "சார், கூடைய குடுத்தது நான்தான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றேன்.

அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "தேவையில்லம்மா. போன வாரமே டோரதி பேர எடுக்கச் சொல்லி ஹைகோர்ட்ல ஆர்டர் ஆயிடுச்சு. குரூப்ல யார் இன்னா போடுவாங்கன்னு அட்மினுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? அட்மினா இருந்தத தவிர அவங்க வேற எதுவும் செய்யல. அதுக்காக மட்டும் கேஸ் நிக்காதுன்னு கோர்ட்டு முன்னாடியே சொல்லியிருக்கு. அத நம்ம கேஸ்ல சொல்ல வெக்கத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா சார்ஜ் ஷீட்லயே அவங்க பேர் வந்திருக்காது."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வேறென்ன சொல்ல? எழுந்திருக்கும்போது, "அவ என் பேரச் சொன்னாளா சார்?" என்று கேட்டேன். அவர் பைலைப் புரட்டி ஒரு தாளைக் காட்டினார். கூடையைக் கொடுத்தது யார் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். மூன்று தடவையும், 'தெரியாது, தினம் ஒருத்தர் எடுத்துப் போவோம்' என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தது. அன்று கூடையைத் தன் கையால் எடுத்து என் மடியில் வைத்தவளே அவள்தான். தெரியாதாம்.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வாசற்படிக்கு உள்ளே, பாயில் தோல் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ஊசி குத்தின காயம். முன்தலையில் நரை. "வாக்கா. மாமா சேதி கேள்விப்பட்டேன். வரணும்னு இருந்தேன், வந்தா உனக்கு எதுனா பேஜார் ஆவுமோன்னுதான்…" என்றாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது எனக்கு.

"ஏன்டி என் பேரச் சொல்லல? சொல்லியிருந்தா நான் மறைச்சிருக்க மாட்டேன்டி!"

ஊசியைத் தோலில் குத்தி நிறுத்தினாள். "நான் சொன்னா உன் வேல பூடும். மாமாவுக்கு ஆஸ்பத்திரி பூடும். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?" என்றாள். பாயில் கிடந்த தோல் துண்டுகளை அடுக்கிக்கொண்டே, "ஆனா நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன்க்கா. போலீசு போன வாங்கிக்கிற வரைக்கும் குரூப்ப பாத்துக்கினே இருந்தேன். எல்லாரும் வெளிய பூட்டாங்க. நீ ஒருத்திதான் போவல. சௌந்தரம் அக்கா நம்மள விடலன்னு நெனச்சிக்கினேன்" என்றாள்.

அன்று பஸ்ஸில் நானும் வெளியேறத்தான் போனை எடுத்தேன். எந்த இடத்தில் அழுத்தினால் வெளியே வரும் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் கேட்க வெட்கமாக இருந்தது. அதனால்தான் இருந்தேன்.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அடுத்து எடுத்த ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்தேன்.