மெஷினுக்குத் தெரியாத விரல்

கார் கழுவும் பட்டறையில் அவளை எல்லோரும் 'சீட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகத் தோல் சீட்டைத் துடைப்பதுதான் அவள் வேலை. முதலில் தூசியை உறிஞ்சி எடுப்பாள். பிறகு மெல்லிய பிரஷ்ஷில் நுரையைத் தொட்டு, தையல் இடுக்கு விடாமல் தேய்ப்பாள். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, கடைசியில் கிரீம் பூசுவாள். கையுறை மட்டும் போடவே மாட்டாள்.

"உறை போட்டா தோல் எங்க காய்ஞ்சிருக்கு, எங்க வெடிக்கப்போகுதுன்னு எப்படிங்க தெரியும்?"

கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவாள். ஆனால் மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி, பத்து விரல்களும் ரேகை அழிந்து, தேய்ந்த சோப்பு மாதிரி வழுவழுத்துவிட்டன.

ரேகை போனதால் என்ன குடி முழுகிவிட்டது? ஒன்றுமில்லை, வாசலில் அந்த வருகை மெஷின் வரும்வரை. மற்றவர்கள் விரல் வைத்தால் பச்சை விளக்கு, இவளுக்கு மட்டும் சிவப்பு. ஊதிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள், விரல் மாற்றி மாற்றி வைத்தாள். ஆள் முழுசாக எதிரே நிற்க, 'வரவில்லை' என்று பதிந்துகொண்டது மெஷின். மேனேஜரிடம் முறையிட்டாள்.

"நான் என்னக்கா பண்றது? மெஷின் சொல்றதுதான் கணக்காம்" என்று அவர் கையை விரித்தார். நல்ல மனுஷன்தான். முதுகெலும்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மகளுக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். பக்கத்தில் இருக்கவேண்டும் என்று, காய்ச்சலிலும் வேலைக்கு வந்து, பன்னிரண்டு நாள் லீவு சேர்த்துவைத்திருந்தாள். லீவு கேட்டபோது மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"மெஷின் வெச்ச பன்னிரண்டு நாளும் நீங்க வரலைன்னு பதிஞ்சிருக்கே. லீவெல்லாம் அதுல கழிஞ்சுபோச்சுக்கா."

மாடாய் உழைத்த நாளெல்லாம் சேர்ந்து லீவைத் தின்றுவிட்டதாம்! இந்த அநியாயம் எங்காவது உண்டா?

மறுநாள் காலை ஒரு டாக்டரம்மா வந்தார். போன புதன்கிழமை, மை கொட்டிய வெள்ளைத் தோல் சீட்டோடு காரை விட்டுப் போனவர்.

"கறை இருந்த இடமே தெரியல. யாரு செஞ்சது? எங்க ஆஸ்பத்திரி வண்டியையும் அவங்ககிட்டயே குடுக்கணும்."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "நம்ம சீட்டக்காதாங்க! அக்கா, இங்க வாங்க!"

அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"என்னைக்கு சார் செஞ்சது?"

"புதன்கிழமைக்கா. மறந்துட்டீங்களா?"

"புதன்கிழமை நான் வரவே இல்லையே சார். உங்க விரல் மெஷினைக் கேட்டுப் பாருங்க."

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தார். "இந்தக் கையை மெஷின்ல வைக்கச் சொன்னா எப்படிங்க பதியும்?" என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் உள்ளே போய், பழைய வருகை நோட்டைத் தூசி தட்டி எடுத்துவந்தார். அவள் பன்னிரண்டு கையெழுத்துப் போட்டாள். ஒன்றுகூட அவசரமாகப் போடவில்லை.

"இன்னைக்கே கெளம்புங்கக்கா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றிக் கையில் கொடுத்த பிள்ளையின் கன்னத்தை, அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். எங்கேயும் காய்ந்திருக்கவில்லை.