மாமா எடுக்காத மூன்று அழைப்புகள்

ஏழாம் வகுப்பில் எனக்குப் பைத்தான் பைத்தியம் பிடித்தது. பாம்பில்லை, கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி. ஒரு வரி தட்டினால் உடனே பதில் வரும், தப்பென்றால் சிவப்பில் திட்டும் என்று கம்ப்யூட்டர் மிஸ் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைக்குள் வீட்டில் அதை ஏற்றிவிட்டவர்களுக்குத்தான் அவருடைய சனிக்கிழமை வகுப்பில் இடம்.

லேப்டாப் இருந்தது, அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்தது. நெட்தான் இல்லை. எளாவூரில் எங்கள் வீட்டுக்கு நெட் என்பது மாமாவோடு வந்து மாமாவோடு போகும். அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிறவர். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாசலில், கம்பி ஏற்றும் வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். அவர் கை கழுவும் முன்பே ஃபோனை வாங்கி, ஹாட்ஸ்பாட் போட்டு, சிக்னல் வரும் ஒரே ஜன்னலில் வைத்துவிட்டேன்.

இறங்கியது. திறந்தால், இந்தக் கணினிக்கு இது ஆகாது என்றது. பழைய மெஷினுக்கு வேறு கோப்பாம். நான் அவசரத்தில் முதலில் தெரிந்த பட்டனை அமுக்கியிருந்தேன். மாமா மோர்ச்சோற்றை முடிக்கிற நேரம். என் முகத்தைப் பார்த்தவர் அம்மாவிடம் திரும்பினார்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடு. ரசம் ஊத்து."

"இன்னாடா, மோருக்கு அப்புறம் ரசமா? மூணு நாளா துன்னலயா நீ?"

மறுபடி பாதி இறங்கியபோது ஃபோன் அடித்தது. பேசினால் நெட் அறுந்துவிடும்.

"மாமா, எடுக்காத! மொதல்லேர்ந்து வரும்!"

மாமா எழுந்து வந்து பெயரைப் பார்த்தார். ஒரு நொடி தயங்கி, இடது கையால் கட் செய்தார். இன்னும் இரண்டு முறை அடித்தது. அப்போதும் அப்படியே.

கடைசியில் ஜன்னல் போல ஒன்று திறந்து, மூன்று அம்புக்குறி தெரிந்தது. ஏழு பெருக்கல் எட்டு என்று தட்டினேன். ஐம்பத்தாறு!

"இத்த கால்குலேட்டர்ல போட்டா வராதா?"

"அது உன் பேர சொல்லாது மாமா" என்று இன்னொரு வரி தட்டினேன். அவர் பெயர் பத்து முறை வந்து விழுந்தது.

"அடேங்கப்பா! ஊரெல்லாம் எனக்கு போஸ்டர் ஒட்டுற மாதிரி கீதேம்மா!" என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டே ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்.

திங்களன்று எனக்கு இடம் கிடைத்தது. மாலை வீட்டுக்கு வந்தால் மாமா இருந்தார். செவ்வாயும் இருந்தார். ஞாயிறன்று கம்பெனி வாசலில் கூப்பிட்டபோது ஆள் இல்லாததால் முறை போய்விட்டது, வண்டி வரிசைக் கடைசியில் நிற்கிறது, ஓனர் வேறு ஆளைப் போடுவேன் என்கிறார் என்று அம்மாவிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் தங்கியது, வண்டி நிற்கிறது என்பது மட்டும்.

"ஜாலி! நாலு நாள் நிக்கட்டுமே மாமா, நெட்டு கெடைக்கும்!"

அம்மா கையை ஓங்கினாள். மாமா தடுத்தார். "உடுக்கா. புள்ள படிக்குது."

நான் வண்டியைத்தானே சொன்னேன், மாமாவை ஒன்றும் சொல்லவில்லையே, இதற்கு எதற்கு அடிக்க வருகிறாள் என்று முனகிக்கொண்டே ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.