என் சேலையைப் பார்த்துத் திரும்பிய விமானம்

எனக்கு எண்பத்தாறு வயது. வளர்த்தது ஏழு பிள்ளைகள். அதில் நான் பெற்றது நாலு. எழுத்து கொஞ்சம்தான் தெரியும். ஆனாலும் இதை நான் எழுதாவிட்டால் பக்கத்து வீட்டு மைனி சொன்னதே நிலைத்துவிடும்.

அறுபதுகளில் பம்பாய் தாராவியில் குடியிருந்தோம். செம்பூரில் ஒரு விமானி வீட்டில் சமையல் செய்தேன். விமானத்துக்குள் வழி காட்டுகிற முள் ஒன்று உண்டாம். வானம் தெளிவாக இருந்தால் ஐயா அதை நம்பி இருக்க மாட்டார். கண்ணால் பார்த்தே இறக்குவார். எங்கள் வீட்டை ஒட்டிய குயவர் சூளைப் புகைதான், இறங்குமுன் விமானத்தைத் திருப்ப அவருக்கு அடையாளம்.

"அப்போ எங்க கூரையும் தெரியுமாய்யா?"

"செவப்பா எதையாவது காயப்போடும்மா, பாக்கறேன்" என்று சிரித்தார்.

அன்றைக்கே குழாயடியில் சொல்லிவிட்டேன், நாளை ஐயா ஓட்டி வரும் மதராஸ் விமானம் என் கல்யாணச் சேலையைப் பார்த்துத்தான் திரும்பும் என்று. மைனி குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஏளா, நீ கூப்ட்டா ஒன் புருசனே திரும்பமாட்டான். பிளேன் திரும்புமாக்கும்?"

மறுநாள் மத்தியானம் தெருவே கூடி நின்றது. வந்தது மழைதான். விமானச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. சேலைச் சாயம் ஒழுகி என் வாசல் சிவந்தது. மைனி சிரித்த சிரிப்பு சயான் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

ஐயாவுக்குக் காபி கொடுக்காமல் கேட்டேன், "ஏன் வரல?"

"மேகத்துல ஒண்ணும் தெரியலம்மா. தாணே உப்பங்கழிக்கு அப்பால போய், முள் காட்டின நேர்கோட்டுல வந்துட்டேன்."

"வெளிய பாக்காமலா அத்தன பேர எறக்குனீங்க?"

"முள்ளு பொய் சொல்லாதும்மா."

"முள்ளு சேலையப் பாக்குமா?"

வானம் தெளிந்ததும் வருவதாகச் சொன்ன பிறகுதான் காபி கொடுத்தேன்.

சொன்னபடி வந்தார். புகைக்கு நேரே வந்த விமானம் ஓர் இறக்கையைச் சாய்த்து, நிதானமாகத் திரும்பியது. நான் போட்ட கூச்சலில் குயவர் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பெருமையோடு பக்கத்தில் பார்த்தால், மைனியின் கூரை முழுக்கச் சிவப்பு ஜமக்காளம்! அவள் ஏணியில் நின்று விமானத்துக்குக் கையாட்டுகிறாள்.

"பாத்தியாளா? என் ஜமக்காளத்தப் பாத்துல்லா திரும்புது!"

மறுநாள் ஐயாவை விடவில்லை. "எதப் பாத்தீங்க? சேலையா, ஜமக்காளமா?"

அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த காபியைப் பார்த்தார். "சேலைதாம்மா" என்றார்.

இன்றுவரை மைனி வீட்டில் அதை ஒத்துக்கொண்டதில்லை.

ஏட்டி பேத்தி, இத வாசிச்சுக் காட்டு. ஐயா சொன்ன எடத்த மட்டும் சத்தமா வாசி. சன்னல் தொறந்திருக்கு, மைனி மருமக அவுக அடுக்களைலதான் நிக்கா.